முத்தையாவாக நடிக்க வந்தவர்

போன வாரம் தலவாக்கலையில் நடிகர் தேர்வைப் பற்றிப் பேச உங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு தங்கை என்னிடம் கேட்டார். ஒரு நடிகர் திரைக்கு வெளியே எப்படிப்பட்டவர் என்று எப்படி மிஸ் கண்டுபிடிக்கிறது? நான் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னேன். அவருக்கு டீ கொண்டுவந்து கொடுப்பவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள், அதுதான் அவர் என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டீர்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு மனம் கேட்கவில்லை. இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த ஒரு பெரிய மனிதர் எனக்குச் சொன்ன பதில் அது. அதை வேதவாக்காக வைத்துக்கொண்டு பல வருடம் நடிகர்களைத் தேர்ந்தெடுத்தேன். அதை நம்பி நான் செய்த காரியம் ஒன்றும் இருக்கிறது. காரியத்தை மறைத்துவிட்டுப் பதிலை மட்டும் உங்களிடம் கொடுத்துவிட்டு வந்தது தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முத்தையாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். படத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட அந்தப் பாத்திரத்தைத் தெரியும். பழைய கறுப்பு வெள்ளைப் படம். தேயிலைத் தோட்டத்தை விட்டுத் தொழிலாளர்களை வெளியேற்றி ஏற்றிப்போக வந்த லொறிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்பான் முத்தையா. லொறி உறுமிக்கொண்டு வரும். கண்ணிமைக்க மாட்டான். எங்கள் காலத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர்களில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தக் காட்சியின் படம் ஒட்டியிருக்கும். முத்தையா மாதிரி நட, முத்தையா மாதிரி பேசு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். நடித்தவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவரை நினைப்பவர்கள் குறைவு. முத்தையாவை மறந்தவர் இல்லை.

அந்தப் படத்தை மறுபடி எடுக்க ஒரு இயக்குநர் கொழும்பிலிருந்து வந்தார். இளைஞர். மலைநாட்டில் எடுக்கப்பட்ட பல தொலைக்காட்சி நாடகங்களுக்கு நான்தான் ஆள் தேடிக் கொடுத்திருந்தேன் என்பதால் முத்தையாவைத் தேடும் பொறுப்பும் என்னிடம் வந்தது. பல மாதம் அலைந்து கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

ஒருவர் ரவீந்திரன். பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளை. திருவிழாக்களில் பாடிப் பேர் எடுத்தவர். லயத்துக்குப் போனால் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்காருவார். ரொட்டியும் சம்பலும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். வயசான அம்மாமார் அவர் கன்னத்தைத் தடவிவிட்டுத்தான் போவார்கள்.

மற்றவர் ஜெயசீலன். கொழும்பிலிருந்து வந்தவர். தொலைக்காட்சித் தொடர்களில் பெண்டாட்டியைக் கொடுமைப்படுத்தும் புருஷனாகவே நடித்துக்கொண்டிருந்தவர். ஹட்டன் பஸ் நிலையத்தில் அவர் இறங்கியதும் ஒரு பெண் வழிமறித்துத் திட்டியதை நானே பார்த்தேன். அவர் பதில் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. கூடநின்று போட்டோ எடுக்கக் கேட்டவர்களைக் கடந்து நடந்தார். என் முன்னால் உட்கார்ந்தபோது, டீ கொண்டுவந்த பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டீ அப்படியே ஆறிப்போனது. என் குறிப்பேட்டில் எழுதினேன்: தலைக்கனம். மனிதர்களைப் பார்ப்பதில்லை. முத்தையாவுக்கு ஆகாது.

இயக்குநர் அதைப் படித்துவிட்டு, நடிப்பு நன்றாக இருக்கிறதே அக்கா என்றார். இரண்டு பேரையும் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், உண்மையான தொழிலாளர்களுக்கு முன்னால் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். எனக்கு அதில் விருப்பமில்லை. நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன்.

மஸ்கெலியாவுக்கு மேலே, கீழே நீர்த்தேக்கம் தெரியும் ஒரு தோட்டம். கொழுந்து பறிக்கும் பெண்கள் பதினைந்து பேர் எங்களுக்காக வந்து நின்றார்கள். ஆள் தேடி அலைந்த மாதங்களில் அவர்கள் வீடுகளில் நான் பல நாள் சாப்பிட்டிருக்கிறேன். அவர்களைக் கூட்டி வந்தவர் பார்வதி அக்கா. ஐம்பது வயதிருக்கும். உயரமானவர், எந்தத் தோட்டத்துரையிடமும் தலை குனியாமல் பேசுவார். சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து முத்தையா படம் பார்த்ததாகச் சொன்னார். முதல் நாள் ரவீந்திரன் நின்றார். பெண்கள் கைதட்டினார்கள். மறுநாள் காலை ஜெயசீலனின் முறை.

அவரைப் பார்த்ததும் பார்வதி அக்கா என் காதருகே வந்தார்.

"பாட்டுக்காரத் தம்பி நல்லவரு மிஸ். இந்தாளு மூஞ்சியப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

எனக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

மலையின் மேல் பக்கத்தில் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தில் குளவிக்கூடு இருப்பதாகக் கங்காணி காலையிலேயே எச்சரித்திருந்தார். ட்ரோன் கமராவை அந்தப் பக்கம் விடவேண்டாமென்று நாங்களும் பேசி வைத்திருந்தோம். ஆனால் அது மேலே போனதும் காற்று அந்த மரத்துப் பக்கமாகத் தள்ளிவிட்டது. கிளையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. இயக்குநர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார்.

"குளவி" என்றார் பார்வதி அக்கா. கத்தவில்லை. சொன்னார், அவ்வளவுதான். பெண்கள் எல்லோரும் அந்தக் கணமே கலைந்தார்கள்.

தேயிலை நிரைகளுக்குள் ஓடியவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு அடிக்கும் செடி காலைப் பிடித்து இழுக்கும். விவரம் தெரிந்தவர்கள் தண்ணீர் ஓடும் கானுக்குள் குப்புற விழுந்து சாக்கால் தலையை மூடிக்கொண்டார்கள். படப்பிடிப்பு ஆட்கள் நாலாபுறமும் ஓடினார்கள். கீழே பாதையில் எங்கள் வேன் நின்றது. பக்கக் கதவு திறந்திருந்தது. நான் அதை நோக்கி ஓடினேன். எனக்கு முன்னால் ஜெயசீலன் ஓடினார்.

அவர் ஏறிப் பின் இருக்கையின் மூலைக்குப் போனார். நான் ஏறினேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் ஏறி, இருக்கைகளுக்கு நடுவே தரையில் விழுந்து முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். நாலைந்து குளவிகளும் எங்களோடு உள்ளே வந்துவிட்டன. ஒன்று என் கழுத்தில் கொட்டியது. ஆணியை அடித்து இறக்கியது போல இருந்தது. கதவின் பக்கத்தில் இருந்தது நான்.

வெளியே பார்த்தேன். பாதையின் வளைவில் பார்வதி அக்கா வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அவர்களின் தலைகளைச் சுற்றிக் காற்றே கறுப்பாக இருந்தது. அக்காவின் மூக்குத்தி தெரியுமளவு கிட்டே வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

நான் கதவை இழுத்துச் சாத்தினேன். பூட்டையும் அழுத்தினேன்.

பயத்தில் கை தானாகச் செய்துவிட்டது என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கதவைச் சாத்தியது வேண்டுமானால் தானாக நடந்திருக்கலாம். பூட்டை அழுத்தியது அப்படி இல்லை. அதை நான் யோசித்துச் செய்தேன்.

உள்ளங்கையால் கதவில் அடிக்கும் சத்தம் கேட்டது. "மிஸ், தொறங்க. மிஸ்." அது பார்வதி அக்காவின் குரல். நான் கைப்பிடியை விடவில்லை. ஜெயசீலன் கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அடிக்கும் சத்தம் நின்றது. அது நின்றதும் எனக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. அதற்குப் பேர் நிம்மதி. அதை இன்றைக்கு வரைக்கும் வேறு பேர் சொல்லி அழைக்க என்னால் முடியவில்லை.

ஆண்கள் காய்ந்த இலையையும் சாக்கையும் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் கதவைத் திறந்தபோது பார்வதி அக்கா வேன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மற்ற இருவரும் கானுக்குள் விழுந்து தப்பியிருந்தார்கள். அக்காவின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. மூச்சு இழுத்தது.

அதே வேனில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஜெயசீலன் தரையில் உட்கார்ந்து, மூச்சு அடைக்காமல் இருக்க அக்காவின் தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் முதுகு இருக்கைக் கம்பியில் மோதியது. நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே அந்தக் காணொளி எல்லோருடைய கைபேசிக்கும் வந்துவிட்டது. மேட்டிலிருந்த லயத்திலிருந்து யாரோ எடுத்தது. சில வினாடிகள்தான். சாத்திய கதவு. அதில் அடிக்கும் ஒரு பெண்ணின் கைகள். பின் கண்ணாடியில் ஜெயசீலனின் முகம். நான் இருந்த இடம் நிழலில் இருந்தது. என்னைக் காணவில்லை.

பொம்பளைகளை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியவன் முத்தையாவா என்று கேட்டு எழுதினார்கள். தொடரில் செய்ததைத்தானே நிஜத்திலும் செய்திருக்கிறான் என்றார்கள். கொழும்பில் அவருடைய அம்மா சந்தைக்குப் போக முடியாமல் வீட்டுக்குள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நடித்துக்கொண்டிருந்த தொடரிலிருந்தும் அவரை நிறுத்திவிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் எப்போது வேண்டுமானாலும் என் பேரைச் சொல்லலாம் என்பதால் கைபேசி அடிக்கும்போதெல்லாம் யார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

மூன்றாம் நாள் இயக்குநர் ஹட்டனில் தாம் தங்கியிருந்த விடுதிக்கு என்னை வரச்சொன்னார். என் குறிப்பேடு அவர் மேசையில் இருந்தது. நேராகக் கேட்டார்.

"அக்கா, நீங்க உள்ள இருந்தீங்க. அவர்தான் சாத்துனாரா?"

சாத்தியது நான் என்று சொல்ல இரண்டு சொல் போதும். என் கழுத்தின் வீக்கத்தைத் தொட்டுக்கொண்டு, "எல்லாம் ஒரே கலவரமா இருந்துச்சு தம்பி. எனக்குச் சரியா ஞாபகம் இல்ல" என்றேன்.

அவர் தலையாட்டினார். ரவீந்திரனையே கூப்பிட்டுவிடலாம் என்றார். பிறகு குறிப்பேட்டை என் பக்கம் தள்ளிவைத்து, ஜெயசீலனைப் பற்றி நான் முதலிலேயே சரியாக எழுதியிருந்ததாகவும், அதைக் கேட்காமல் போனது தம் தப்பு என்றும் சொன்னார். என் வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே அதுதான் பெரியது. அதை வாங்கிக்கொண்டு படி இறங்கினேன்.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். நான் அவரைக் கெடுக்கத் திட்டம் போடவில்லை. பொய்ச் சாட்சி சொல்லவும் இல்லை. ஞாபகம் இல்லை என்று மட்டும்தான் சொன்னேன். அதற்குமேல் எல்லாவற்றையும் அவருடைய முகம் பார்த்துக்கொண்டது. கெட்டவனாகப் பல வருடம் பழகிய முகம். யாரும் இரண்டாம் தடவை யோசிக்கவில்லை. நம் தொழிலில் நாம் முகங்களை வைத்துத்தான் பிழைக்கிறோம். அந்த வசதியை நான் எனக்காகப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்வதி அக்கா கண் விழித்துவிட்டார் என்று தகவல் வந்திருந்தது. அவருடைய கணவர் ஆறுமுகம் அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அக்கா மெல்லிய குரலில், வேனுக்குக் கிட்ட வந்தது வரைக்கும்தான் ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வேனுக்குள் இருந்த மற்ற இரண்டு பெண்களும் முகத்தைப் புதைத்திருந்தார்கள். அக்காவுக்கு ஞாபகம் இல்லை. இனி கதவைச் சாத்தியது யார் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். கட்டிலில் கிடப்பவரின் கை என் கையில் இருக்கும்போதே நான் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டேன். என்னைப் பற்றி எனக்கு அருவருப்பு வந்தது அப்போதுதான்.

வெளியே நடைக்கூடத்தில் சத்தம் கேட்டது. ஆறுமுகம் அண்ணன் வெளியே போனார், நானும் பின்னால் போனேன். ஜெயசீலன் நின்றுகொண்டிருந்தார். கண் வரைக்கும் தொப்பி, கையில் பழங்கள் இருந்த ஒரு பை. பஸ்ஸில் வந்திருக்கிறார். தாதி அவரை அடையாளம் கண்டுகொண்டு வெளியே போகச்சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவங்களப் பார்த்துட்டுப் போயிர்றேண்ணே" என்றார் ஜெயசீலன்.

ஆறுமுகம் அண்ணன் அவர் கன்னத்தில் அறைந்தார். தொப்பி விழுந்தது. நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், இரண்டு பேர் கைபேசியை எடுத்தார்கள். ஜெயசீலன் குனிந்து தொப்பியை எடுக்கவில்லை. முகத்தை மறைக்கவும் இல்லை. அண்ணனின் தோளுக்கு மேலாக ஒரு தடவை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

ஆறுமுகம் அண்ணன் மறுபடி கையை ஓங்கினார்.

"அண்ணே, அவர் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "கதவச் சாத்துனது நான். பூட்டுனதும் நான்தான். அக்கா வர்றதப் பார்த்துட்டுத்தான் சாத்துனேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் திரும்பி என்னை நெடுநேரம் பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க ஆளுங்க அஞ்சு நாளா இவரத் திட்டிக்கிட்டு இருக்காங்க. நீங்க கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"ஆமா அண்ணே."

"அவங்ககிட்டயும் வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை தோட்டத்துப் பெரட்டுக்களத்துக்குப் போனேன். வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அந்தப் பதினைந்து பேரில் பார்வதி அக்கா தவிர மற்றப் பதினான்கு பேரும் நின்றார்கள். மேடைகளில் பேசிப் பழகியவள் நான். அன்றைக்கு நாக்கு புரளவில்லை. நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். யாரும் திட்டவில்லை. ஒரு பெண் மட்டும், "எங்க வூட்ல வந்து எத்தன நாள் சாப்பிட்டீங்க மிஸ்" என்று கேட்டுவிட்டு மலைக்குப் போக நடந்தார். மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள்.

ஒருவர் கேட்டுக்கொண்டதால் அதையே கைபேசிக்கு முன்னால் இன்னொரு தடவை சொன்னேன். முதல் காணொளி போன தூரத்தில் கால்வாசிகூட அது போகவில்லை. இன்றைக்கும் ஜெயசீலன்தான் கதவைச் சாத்தினார் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்ட தப்பான சொல்லைத் திரும்ப எடுக்க முடியும் என்று நினைக்காதீர்கள்.

இயக்குநர் என்னைப் படத்திலிருந்து நீக்கினார். கோபமாகப் பேசவில்லை. நான் ஞாபகமில்லை என்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் தம்மால் மறக்க முடியவில்லை என்றார்.

ஜெயசீலன் ஊருக்குத் திரும்பும் நாளில் ஹட்டன் பஸ் நிலையத்தில் அவரைப் போய்ப் பார்த்தேன். அவர் எனக்கு இடம் விட்டு உட்காரவில்லை. நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார். ஏன் என் பேரைச் சொல்லாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். அவருடைய பெருந்தன்மையைப் பற்றி ஏதாவது வரும், நான் அதைக் கேட்டு அழவேண்டியிருக்கும் என்று என்னைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன்.

"பெருந்தன்மையெல்லாம் இல்ல" என்றார். பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீங்க சாத்துனப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சு. நான் உங்க எடத்துல இருந்திருந்தா இன்னும் முன்னாடியே சாத்தியிருப்பேன். எனக்குக் கை எட்டல, அவ்வளவுதான். இத வச்சுக்கிட்டு நான் எப்படிப் போய் நீங்க சாத்துனீங்கன்னு சொல்றது?"

பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "அப்புறம், நான் டீ குடிக்கிறதில்ல. வயித்துக்கு ஒத்துக்காது. நீங்க எழுதி வச்சிருந்தத டிரெக்டர் காட்டுனார்" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்காவது கண்டபோதும் அவர் என்னிடம் சிரித்ததில்லை. நல்லவராக மாறிய கதை எதிர்பார்க்காதீர்கள். அவர் இன்றைக்கும் சிடுமூஞ்சிதான். போட்டோவுக்கு நிற்பதில்லை.

அந்தப் பஸ் நிலையத்திலிருந்தே இயக்குநருக்கு அழைப்பு எடுத்தேன். என் பேச்சுக்கு இனி மதிப்பில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லவேண்டும், ஜெயசீலனை எடுங்கள் என்றேன்.

"உங்க பாவத்தக் கழுவுறதுக்கு என் படத்தக் கேக்குறீங்களாக்கா?" என்றார்.

நியாயமான கேள்வி. கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். ரவீந்திரன் நிற்பார், பழைய முத்தையா நின்ற மாதிரியே நிற்பார், சனங்களும் கைதட்டுவார்கள். ஆனால் லொறி முன்னால் நிற்பதற்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஜெயசீலனுக்குத் தெரியும். ஒரு தடவை நிற்க முடியாமல் போனவர் அவர். நான் கேட்டபோது அதை மறைக்காதவர். நான் சொன்னது இவ்வளவுதான். இயக்குநர் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நான் இல்லாமல் அவரை மறுபடி கூப்பிட்டு நடிக்கவைத்துப் பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பார்வதி அக்காவைப் பார்க்க மூன்று தடவை லயத்துக்குப் போனேன். முதல் இரண்டு தடவையும் அவர் உள்ளேயிருந்து வரவில்லை. மூன்றாம் தடவை வந்தார். முகத்தின் வீக்கம் வற்றியிருந்தது, ஒரு கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று பலர் எனக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அவரும் அப்படி ஏதாவது சொல்வார் என்று உள்ளூர ஆசைப்பட்டேன் போலிருக்கிறது.

"நானா இருந்தா சாத்தியிருக்க மாட்டேன் மிஸ்" என்றார். "ஒங்களுக்காக வேற மாதிரி சொல்ல எனக்கு வரல."

நான் சரியென்றேன். பிறகு அவர், ஜெயசீலன் தம்பிதான் முத்தையாவாக நடிக்கப்போகிறாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் படப்பிடிப்பில் லொறி வரும் காட்சியில் அவருக்குப் பின்னால் முதல் ஆளாகத் தாம்தான் நிற்கப்போவதாகப் படக்காரர்களிடம் சொல்லச்சொன்னார். நான் அந்தப் படத்தில் இல்லையே என்றேன்.

"தெரியும். சொல்லிட்டு வாங்க" என்றார். அதைப் போய்ச் சொன்னேன்.

அதற்குப் பிறகும் சில வருடம் இந்த வேலையைச் செய்தேன். ஆனால் குறிப்பேட்டில் நல்லவர், கெட்டவர், தலைக்கனம் என்றெல்லாம் எழுதுவதை விட்டுவிட்டேன். என்ன பார்த்தேனோ அதை மட்டும் எழுதினேன். டீ குடிக்கவில்லை என்றால் டீ குடிக்கவில்லை என்று. அதற்குமேல் உங்களுக்குத் தெரியாது. ஒரு நடிகரை நீங்கள் பார்ப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் உங்களுக்குப் பயந்துகொண்டிருக்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்கவேண்டிய கேள்வி, இவர் எப்படிப்பட்டவர் என்பது இல்லை. இவருக்கு என்ன தெரியும் என்பது. அதை நான் கண்டுபிடிப்பதற்குள் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது. உங்களுக்கு அப்படி நேரக்கூடாது.

மஸ்கெலியாவில் ஒரு மண்டபத்தில், தோட்டத்துச் சனங்களுக்காகப் படக்காரர்கள் போட்டுக் காட்டியபோதுதான் நான் படத்தைப் பார்த்தேன். அழைப்பில்லை. கடைசி வரிசையில் போய் நின்றேன். லொறி வரும் காட்சி வந்தது. பழைய படத்தில் முத்தையா கண்ணிமைக்காமல் நிற்பான் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த முத்தையா ஒரு அடி பின்னால் வைத்தான். கையை விரித்தபோது விரல்கள் நடுங்கின. திரும்பி ஓடிவிடுவான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவனுக்குப் பின்னால், ஒரு கண் பாதி மூடிய முகத்தோடு பார்வதி அக்கா நின்றார். பின்னால் வைத்த காலை அவன் மெதுவாக முன்னால் கொண்டுவந்தான்.

எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு வயசாளி, பக்கத்திலிருந்தவரிடம் குறைபட்டுக்கொண்டார்.

"என்னாப்பா இது, முத்தையா பயப்புடுறான்."

"ஆமா" என்றார் பக்கத்திலிருந்தவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பயந்துகிட்டுத்தான் நிக்கிறான்."